பதினான்காம் கிணற்றின் தண்ணீர்

1

இக்கதை ஓர் அட்டவணையில் பிறந்தது. அட்டவணையும் என் கற்பனையே. முத்தையாபுரத்துக்கு அப்பால், நான் பெயர் சூட்டத் துணியாத ஒரு சாயப்பொருள் ஆலையைச் சுற்றி மண்ணும் நிலத்தடி நீரும் எவ்வளவு கெட்டிருக்கின்றன என்று ஆராய்ந்த அறிக்கை அது. இருபத்திரண்டு ஆழ்துளைக் கிணறுகள். இருபத்தொன்று 'குடிக்கத் தகாதவை'. நட்டநடுவே பதினான்காவது மட்டும் 'தகுந்தது'.

2

தொடக்கம்: ஒருகாலத்தில் முத்துக் குளித்த இந்தக் கரையில் இன்று

[கைவிட்டேன். முத்து வந்ததும் வாக்கியம் அழகாகிவிடுகிறது.]

நேராகவே சொல்கிறேன். சோதனைக்கு நீர் மாதிரி எடுக்கும் பானுப்ரியா* பதினான்காம் வீட்டுக்குப் போனபோது மின்சாரம் இல்லை. இன்னும் எட்டு வீடுகள் கிடந்தன. பாட்டிலில் கிணற்றின் எண்ணையும் வீட்டுக்காரி முருகேஸ்வரியின் பெயரையும் எழுதி ஒட்டினாள்.

"யக்கா, கரண்டு வந்ததும் போர் தண்ணிய அஞ்சு நிமிசம் ஓடவிட்டுப் பிடிச்சு வைங்க."

திரும்பி வந்தபோது முருகேஸ்வரி நிறைந்த பாட்டிலை நீட்டினாள். தன் கையால் எடுத்ததாகப் படிவத்தில் எழுதிக்கொண்டாள் பானுப்ரியா.

(* முதல் வரைவில் இவள் ஆலையிடம் விலைபோனவள். வாசகர் எளிதாக வெறுத்துவிட்டு நிம்மதியடைவார் என்பதால், வெயிலையும் கால்வலியையும் மட்டும் கொடுத்தேன்.)

3

தகாத கிணற்று வீடுகளுக்கே தண்ணீர் லாரி வரும். சோதனை முடிவைக் கண்டு குழம்பிய பானுப்ரியா மறுபடி போனாள்.

"அது போர் தண்ணி இல்லளா, கேன் தண்ணி. எம்பேர எழுதி ஒட்டிட்ட. அந்த மஞ்சத் தண்ணிய ஊத்தி அனுப்புனா, ஆபீஸ்ல என்னைய என்ன நெனைப்பாவ?"

"யக்கா! கெட்ட தண்ணியத்தான கேட்டோம்!"

"கெட்டதக் கேட்டு வாசலுக்கு வந்த மொத ஆளு நீதாளா. சரி, இப்பம் பிடிச்சிட்டுப் போ. எம்மவன் இதுலதான் குளிக்கான், மேலெல்லாம் சொறி."

4

புதிதாகப் பிடிக்க, பழையது ஏன் செல்லாது என்று எழுத வேண்டும்.

முடிவு ஒன்று: எழுதுகிறாள். இந்தப் பாட்டில் பொய்யென்றால் மற்ற இருபத்தொன்றும் எப்படி மெய் என்று ஆலையின் வழக்கறிஞர் கேட்பார். எந்த வீட்டுக்கும் லாரி வராது.

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொள்கிறாள். இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வராது.

முடிவு மூன்று: அதிகாரி மனமிரங்கி

[நானே நம்பவில்லை.]

முதலிரண்டையும் பானுப்ரியா முருகேஸ்வரியிடம் விளக்கிச் சொன்னாள். முருகேஸ்வரி கதவில் கை வைத்தாள்.

"நீ பேசுனா ஊருக்கே வராது. பேசாட்டா எனக்கு மட்டும் வராது. அப்பம் இத எதுக்குளா எங்கிட்ட வந்து சொல்லுத?"

பானுப்ரியாவின் பதிலை ஏழு முறை எழுதி ஏழையும் அடித்துவிட்டேன். ஒவ்வொன்றும் அவளைத்தான் காப்பாற்றியது. வாசகரே, அந்தப் பதிலை நீங்கள் சொல்லுங்கள். முருகேஸ்வரி இன்னும் கதவைச் சாத்தவில்லை.