விட்ட இடைவெளி

1
இந்தக் கதையை எனக்குத் தந்தது அக்கா. தந்தாள் என்றால், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னாள். நான் ஆறுதல் சொல்லிக்கொண்டே மனதுக்குள் முதல் வரியைத் தேடினேன். எழுதுகிறவன் புத்தி அப்படித்தான் போகிறது.

‘மழை விட்டிருந்த சாலையில் அந்தப் பேருந்து’—

வேண்டாம். மழைமேல் பழி போடுவது போலிருக்கிறது.

2
அக்கா கணவர், அதாவது அத்தான், நகரப் பேருந்து ஓட்டுநர். முன்னால் போகும் வண்டிக்கும் தன் பேருந்துக்கும் நடுவே எப்போதும் தாராளமாக இடம் விடுவார். கண் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் வண்டி தன்பாட்டுக்கு ஓடிவிடும். மிதித்த பிறகும் உடனே நின்றுவிடாது, ஈரத்தில் இன்னும் இழுக்கும் என்பார். பின்னால் ஹாரன் அலறும். இதற்கு நடந்தே போயிருக்கலாம் என்று பயணிகள் முணுமுணுப்பார்கள். நடத்துநர் அவருக்கு வைத்த பெயர் ஆமை.*

* பிரியமாக வைத்த பெயர்தான். பிரியத்துக்கும் பல் உண்டு.

3
அன்று முன்னால் ஒரு லாரி. வழக்கம்போல இடம் விட்டிருந்தார். அந்த இடத்துக்குள் ஸ்கூட்டரில் ஒரு பெண் பக்கவாட்டிலிருந்து புகுந்தாள். அத்தான் வேகத்தைக் குறைத்து மறுபடி இடம் விடுவதற்குள் லாரி சட்டென்று நின்றது. அவளும் நிறுத்திவிட்டாள். அத்தான் பிரேக்கை மிதித்தார். பேருந்து

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அவள் பிழைக்கவில்லை.)

4
விசாரணையில் பிரேக் சரி, வேகம் சரி, அவர் கால் போன நேரமும் சரி என்றார்கள். உங்கள்மேல் தவறில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அன்று சோறு போடும்போது அக்கா கேட்டாள்:

“நீங்க ஒட்டியே போயிருந்தா அந்தப் பொண்ணு உள்ள வந்திருக்க மாட்டாளே?”

அத்தான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனார்.

5
இங்கே எனக்கு அக்காமேல் சந்தேகம் வந்தது. கட்டிய மனைவி இப்படியா கேட்பாள்? எழுதியதைப் படிக்கக் கொடுத்தேன்.

“நான் குத்திக்காட்டலடா. நெஜமாவே தெரியாமத்தான் கேட்டேன்.”

அதுதான் இன்னும் மோசம் என்று நான் சொல்லவில்லை.

6
முடிவு ஒன்று: அத்தான் வேலையை விட்டுவிடுகிறார். கதைக்கு அழகு. வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

முடிவு இரண்டு: இறந்தவளின் அம்மா அவரை மன்னிக்கிறாள். அந்த அம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை. அவள் சார்பில் மன்னிக்க நான் யார்?

நடந்தது இது. அவர் வேலைக்குத் திரும்பினார். போன வாரம் அவர் பேருந்தில் ஏறி, அவருக்குப் பக்கத்தில் நின்றேன். முன்னால் போன வேனில் தூங்கிக்கொண்டிருந்தவரின் வழுக்கைத் தலை அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. பேருந்து இப்போதெல்லாம் நேரத்துக்குப் போகிறது, யாருக்கும் குறையில்லை.

கொஞ்சம் இடம் விடக் கூடாதா என்று மெதுவாகக் கேட்டேன்.

“விட்டா யாராவது வந்துடுவாங்க,” என்றார், சாலையிலிருந்து கண்ணெடுக்காமல்.

என் நிறுத்தம் வந்ததும் நான் இறங்கிக்கொண்டேன். முடிவை என்னிடம் கேட்காதீர்கள். நீங்கள்தான் இன்னும் உள்ளே இருக்கிறீர்கள்.