வீட்டுவண்டியில் ஒன்பது பேர்

பீஹியின் பட்டறைக்கு, கட்டிலும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் வீட்டுவண்டி எது வந்தாலும் முதல் வேலை அதைக் காலி செய்வதுதான். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஜெர்மன்காரரின் வண்டியை ஜாக்கியில் தூக்கியபோது அலமாரிக் கதவு திறந்துகொண்டு பீங்கான் தட்டுகள் பூராவும் தரையில் கொட்டிவிட்டன. அந்தச் சத்தம் அவன் காதை விட்டு இன்னும் போகவில்லை. அன்றிலிருந்து தண்ணீர்த் தொட்டி, காஸ் சிலிண்டர், பாத்திரம், துணிமணி எல்லாம் இறங்கிய பிறகுதான் ஜாக்கி அடியில் போகும். குளிர்காலத்தில் அவன் ஊரான டிஸ்னீத்துக்கு வீட்டுவண்டிகள் வரிசைகட்டி வரும். ஒன்றுக்கும் விதிவிலக்குக் கிடையாது.

ஹாஜியார் பெலைத்தின் வண்டிக்கும் அதே சட்டம்தான். பிரான்சில் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர், முப்பத்திரண்டு வயதான அந்த வண்டியில் மனைவி இஜ்ஜாவோடு சொந்த மண்ணுக்கு வந்திருந்தார். செவ்வாய்க்கிழமை ஊர் எல்லையில் பிரேக்கை மிதித்தால் பெடல் தரையைத் தொட்டது. கை பிரேக்கும் அல்லாஹ்வின் கருணையும் சேர்ந்து வண்டியை நிறுத்தின.

அவசரம் இஜ்ஜாவுக்குத்தான். மலைக்கு அந்தப்புறம் தஃப்ராவுத் பக்கத்தில் அவள் அக்கா ரக்கியா இருக்கிறாள். அம்மா விட்டுப்போன வாதுமைத் தோட்டத்தைப் பங்கு வைத்ததில் மனத்தாங்கலாகி, பதினான்கு வருடமாகப் பேச்சில்லை. போன மாதம் அக்காவிடமிருந்து தகவல் வந்தது. “அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை குஸ்குஸ் விருந்துக்கு வா. அந்த வெள்ளி வரலேன்னா இனிமே வரவே வேண்டாம்.” இஜ்ஜாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகி இரண்டு மாதம். டாக்ஸியில் மடங்கி உட்கார முடியாது. வண்டிக்குள் இருக்கும் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் பயணம் செய்வாள். வழியிலோ கெர்தூஸ் கணவாய், வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதை.

பின்சக்கர பிரேக் சிலிண்டர்கள் இரண்டும் ஒழுகியிருந்தன. புதியவை அகாதீரிலிருந்து பஸ்ஸில் வந்து சேரும்போது வியாழன் காலை. சாமான்கள் எல்லாம் பீஹியின் வீட்டில். இஜ்ஜாவும் அங்கேதான், அவன் மனைவி தூதாவின் உபசரிப்பில். பீஹி சிலிண்டர்களை மாட்டினான். துருப்பிடித்த குழாயையும் மாற்றினான். பாக்கி இருந்தது பிரேக் எண்ணெய்க் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை. அது ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை. ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தடியில் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். ஹாஜியார் மிதிக்க உட்கார்ந்தார்.

“மிதிங்க ஹாஜியார்!”

“மிதிச்சிட்டேன்!”

“அப்படியே பிடிச்சுக்குங்க. நான் சொல்லாம காலை எடுக்கக் கூடாது.”

“நாப்பது வருஷமா வீட்ல இப்படித்தான் இருக்கேன்பா. சொல்லாம எதையும் எடுக்கறதில்ல.”

முன்சக்கரங்கள் சொன்னபடி கேட்டன. டியூப் வழியாகப் பாட்டிலுக்குள் குமிழி குமிழியாக வந்து, பிறகு எண்ணெய் சுத்தமாக ஓடியது. பின்சக்கரங்கள்தான் பிடிவாதம் பிடித்தன. எவ்வளவு மிதித்தாலும் கண்ணீர் மாதிரி ஒரு சொட்டு, அதோடு சரி. பீஹி ரப்பர் ஹோஸை மாற்றிப் பார்த்தான், மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றித் திரும்ப மாட்டினான். நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தான், மாலை அஸரும் தொழுதான். அதே சொட்டு.

ஹாஜியார் பெடலை விட்டு இறங்கினார். முகம் வாடியிருந்தது.

“முன்பிரேக் பிடிக்குதில்ல? அது போதும்ப்பா. முதல் கியர்ல மெல்ல மெல்ல இறங்கிடுறேன்.”

“கெர்தூஸ்லயா?”

“நான் பாத்து ஓட்டுவேன்.”

“நீங்க பாத்துதான் ஓட்டுவீங்க. சூடேறின பிரேக்குக்குக் கண்ணு கிடையாதே. நான் சாவி தரமாட்டேன் ஹாஜியார்.”

“அவ ராத்திரி தூங்கறதில்ல, தெரியுமா உனக்கு? அக்கா பேரைச் சொல்லிச் சொல்லி அழறா.” பீஹி தலையைக் குனிந்துகொண்டான். மறுப்பது நியாயம் என்று தெரிந்தாலும் மறுக்கிறவனுக்கும் நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது. யா அல்லாஹ், எனக்குத் தெரியாததை நீ காட்டு என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டான்.

அப்போது தூதாவின் தோளைப் பிடித்தபடி இஜ்ஜா வந்தாள். இரவு தன் கட்டிலிலேயே படுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பீஹி சக்கரங்களை மாட்டி, வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கித் தரையில் நிறுத்தினான். பின்கதவுப் படியில் காலை வைக்கப் பார்த்த இஜ்ஜா நின்றுவிட்டாள்.

“என் படி எங்கப்பா போச்சு? வண்டியை வளத்துவிட்டுட்டியா? ஒரு சாண் உசந்து நிக்குதே!”

“சாமானெல்லாம் நம்ம வீட்ல இருக்குல்ல அம்மா. பாரம் இல்லாம ஸ்பிரிங் எழும்பி...”

அடுத்த நொடி பீஹி வண்டிக்கு அடியில் இருந்தான்.

பின் அச்சுக்கு மேலே உள்ளங்கையளவு ஒரு வால்வு. அதன் கை அச்சோடு இணைந்திருந்தது. வண்டியில் பாரம் ஏறினால் கை மேலே போகும், பின்சக்கரத்துக்கு எண்ணெய் தாராளமாகப் போகும். பாரம் இல்லையென்றால், வெறும் வண்டிக்கு எதற்கு இவ்வளவு பிரேக் என்று அது வழியைச் சுருக்கிவிடும். வண்டியைக் காலியும் செய்து, சக்கரத்தை அந்தரத்திலும் தொங்கவிட்டதில் வால்வு கிட்டத்தட்ட மூடியே கிடந்தது. கையை இரும்புக் கம்பியால் நெம்பலாம். ஆனால் துரு தின்ற கை அது, முறிந்தால் நாளைக்குள் வேறு கிடைக்காது.

பீஹி வெளியே வந்தான். முழங்கையெல்லாம் கிரீஸ்.

“ஹாஜியார், தப்பு என்னோடது. உங்க வண்டில ஒண்ணுமில்ல. நான்தான் அதைக் காலி பண்ணி அதோட மூச்சை அடைச்சு வெச்சிருக்கேன். காலைலேருந்து உங்களை வீணா மிதிக்க வெச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க.”

“அட, விடுப்பா. சாமானை ஏத்திடலாமா?”

“ஏத்தி முடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சு மஃரிப் ஆயிடும். அதைவிடச் சுலபமா ஒண்ணு இருக்கு.” பக்கத்து டயர் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தான். “ஹம்மாத் அண்ணே! உங்க உடம்புக்கு ஒரு வேலை வந்திருக்கு!”

ஹம்மாத் எழுந்து வந்தான். அவன் எழுந்தால் நாற்காலி பெருமூச்சு விடும். “என்ன வேலை?”

“சும்மா உக்காரணும்.”

“இருபது வருஷமா அதுக்குத்தான் பழகிட்டிருக்கேன். வழி விடு.”

வெல்டிங் பட்டறையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தேநீர்க் கடைக்காரர் தட்டும் கையுமாக வந்தார். இரண்டு பெயின்டர்கள் கையைத் துடைத்துக்கொண்டே ஏறினார்கள். மொத்தம் ஏழு பேர்.

“நான் இல்லாமலா?” என்றாள் இஜ்ஜா. “இந்த வண்டி தினமும் சுமக்கற பாரம் நான்தானே? என்னைத் தூக்கிவிடுங்க.”

ஹம்மாத்தும் தூதாவும் அவளைக் கைத்தாங்கலாக ஏற்றிக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். பெடலில் ஹாஜியார். ஆக வண்டியில் ஒன்பது பேர். பின்பக்கம் முனகியபடி தாழ்ந்தது. பீஹி சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி அடியில் நுழைந்தான். வால்வின் கை மேலே ஏறியிருந்தது.

“மிதிங்க!”

பாட்டிலுக்குள் குமிழி கொப்பளித்துக்கொண்டு வந்தது. பீஹிக்குக் கண் கலங்கியது. எண்ணெய் சொட்டிவிட்டது போலத் துடைத்துக்கொண்டான்.

“என்னப்பா, வருதா?” மேலேயிருந்து வெல்டரின் குரல்.

“வருது! யாரும் அசையாதீங்க!”

“ஹம்மாத் மூச்சு விடலாமா?”

“மெதுவா விடச் சொல்லு.”

இஜ்ஜா சிரித்தாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு. மஃரிப் பாங்கு சொல்வதற்குள் நான்கு சக்கரத்திலும் காற்று தீர்ந்து, பெடல் கல் மாதிரி நின்றது.

வெள்ளி அதிகாலை, ஸுப்ஹு தொழுத கையோடு சாமானை ஏற்றினார்கள். பீஹியும் கூடவே ஏறிக்கொண்டான்.

“நீ எதுக்கு? கடை இருக்கே,” என்றார் ஹாஜியார்.

“முதல் இறக்கத்தை என் காதால கேக்கணும்.”

கணவாயின் உச்சியிலிருந்து வண்டி இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் பின்சக்கரங்கள் வண்டியை இதமாகப் பிடித்து நிறுத்தின. கிறீச்சென்ற சத்தமில்லை, இழுப்பில்லை. நான்காவது வளைவு தாண்டியதும் நிறுத்தச் சொல்லி, சக்கரம் சக்கரமாகத் தொட்டுப் பார்த்தான். எதுவும் அதிகம் சூடாகவில்லை. டிஸ்னீத் திரும்ப ஒரு காய்கறி லாரியைக் கைகாட்டி நிறுத்தினான். இஜ்ஜா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவன் தலையைத் தொட்டாள்.

ஜும்ஆ தொழுகை முடிந்து அவன் வீடு திரும்பியபோது கைப்பேசி அடித்தது. ஹாஜியார்தான்.

“போய்ச் சேர்ந்தீங்களா?”

“சேர்ந்தாச்சு. அக்கா வாசல்லயே நின்னுட்டிருந்தாங்க. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதாங்க பாரு...”

பின்னால் இரண்டு பெண்குரல்கள் ஓங்கிக் கேட்டன. பீஹி பதறினான். “என்ன ஹாஜியார், மறுபடி சண்டையா?”

“ஆமாம்ப்பா. நீ என் கட்டில்ல படு, நான் கீழே படுத்துக்கறேன்னு அக்கா சொல்றாங்க. இவ முடியாதுங்கறா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் எதுக்கு வாயைத் திறக்கறேன்? குஸ்குஸ் ஆறிட்டிருக்கு. நான் உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சிட்டேன்.”