இறக்கம் மட்டும்

எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது என் வீட்டுக்காரன் தனபால்தான் என்று எங்கள் லைன் வீடுகளில் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்கள். "குடுத்து வச்சவ இந்து. எம் புருசன் வண்டியத் தொட விடுவானா?" என்று பூமாரி அக்கா என் முகத்துக்கு நேராகவே சொல்வாள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் கற்றுக்கொடுத்த லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் என்று மரியாதையாகச் சொல்லலாம்தான். நேரில் இப்போதும் நீங்க, வாங்கதான். ஆனால் இந்தக் கதைக்கு வாயெடுத்தால் 'அவன்' என்றுதான் வருகிறது.

மாட்டுப்பட்டி ரோட்டிலிருந்து பிரிந்து மேலே ஏறுகிற தேயிலை எஸ்டேட்டில் கடைசி டிவிஷன் எங்களுடையது. ரோடு பிரிகிற முக்கில் ஒரு டீக்கடை. அங்கிருந்து லைன் வரைக்கும் ஒரே ஏற்றம், வளைவு மேல் வளைவு. ஆன்லைனில் நாங்கள் எது வாங்கினாலும் பார்சல்காரன் அந்த டீக்கடையில் போட்டுவிட்டுப் போய்விடுவான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. 'பத்து ரூம் லைன், நடு வீடு' என்று விலாசம் போட்டால் வெளியாளுக்கு என்ன புரியும்? நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளிய காலோடு நாங்கள்தான் கீழே போய்ப் பொட்டலத்தைச் சுமந்துகொண்டு ஏறுவோம்.

அந்தப் பார்சல் ஆபீசுக்குப் புது மேனேஜராக வந்த சுஜின்தான் இதற்கு ஒரு வழி செய்தான். மேல் டிவிஷன்களுக்கு வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் போடப் போகிறானாம். லைன்காரர்களை முகம் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும், லைசென்ஸ் வேண்டும், பெண்ணாக இருந்தாலும் சரி. "ஓணம் வந்தா பார்சல் குவிஞ்சிரும்க்கா. அதுக்கு முன்னாடி லைசென்ஸோட வந்தீங்கன்னா வேலை உங்களுக்கு. இல்லன்னா வேற ஆளப் போட்டுருவேன்" என்றான்.

நான் பிளஸ் டூ முடித்தவள். எஸ்டேட்டில் எனக்குத் தற்காலிக வேலைதான். கொழுந்து இருந்தால் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். எங்கள் லைன்களில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். எனக்கென்றே அளந்து தைத்த சட்டை போல ஒரு வேலை அது. வேறு எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

தனபாலிடம் சொன்னேன். அவனுக்கு ஃபேக்டரியில் வேலை. குதித்தான்.

"எம் பொண்டாட்டி வீடு வீடாப் போயி பொட்டணம் குடுக்கப் போறாளா? ஃபேக்டரியில ஒருத்தன் மதிப்பானா என்னய?"

நான் அழுதேன், சண்டை போட்டேன், பேசாமல் இருந்து பார்த்தேன். பிறகு ஒருநாள் அவனாகவே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"சரி, விடு. நானே கத்துத் தாரேன். வெளிய எவன்கிட்டயும் போகாத."

நான் உருகிப்போனேன். அன்றைக்கு அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வேறு வைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே நாலு சாத்துச் சாத்த வேண்டும் போலிருக்கிறது.

வேலைக்குப் பேர் கொடுக்கிற மஸ்டர் முன்னால் இருக்கிற சமதரையில் முதல் பாடம். பழைய ஸ்பிளெண்டர் பைக். கிளட்ச்சைப் பிடி, கியரைப் போடு, விடு என்றான். விடு என்றால் நான் விட்டேன். வண்டி துள்ளிப் பாய்ந்து பூமாரி அக்காவின் விறகுக் கட்டில் போய் முட்டிச் சாய்ந்தது. கெண்டைக்காலில் சைலன்சர் சுட்டுவிட்டது. வேலை விட்டு வந்த அத்தனை பேரும் சிரித்தார்கள், அவன்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான். அதிலிருந்து எஞ்சின் சத்தம் கேட்டாலே எனக்கு முழங்கால் இரண்டும் ஆட ஆரம்பித்துவிட்டது.

"பயந்துட்ட. பயத்தோட எஞ்சினத் தொடக் கூடாது. மொதல்ல பேலன்ஸ் வரட்டும், இறக்கத்துல பழகு" என்றான்.

எங்கள் மலையில் இறக்கத்தில் எவனும் எஞ்சின் போடமாட்டான். சாவியைத் திருப்பி அணைத்து, நியூட்ரலில் போட்டு, பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் கீழே வந்துவிடுவான். இறக்கத்தில் பெட்ரோல் எரிக்கிறவனுக்கு ஊதாரி என்று பெயர். அதனால் அவன் சொன்னதில் எனக்குத் தப்பாக ஒன்றும் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நடந்தது. மேலே வண்டியில் நான் உட்காருவேன். அவன் பின்னால் ஏறிக்கொண்டு காலால் ஒரு உந்து உந்துவான். சத்தமே இல்லாமல் வண்டி இறங்கும். காற்று முகத்தில் அடிக்கும். வளைவில் எப்படிச் சாய்வது, எங்கே பிரேக் பிடிப்பது, ஜீப் எதிரே வந்தால் எப்படி ஒதுங்குவது, எல்லாம் வந்துவிட்டது. கொழுந்துக் காட்டுப் பாதையில் போகிற பெண்கள் நின்று பார்ப்பார்கள். "இந்து ஓட்டுறா பாரு!" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது. கீழே டீக்கடையில் ஆளுக்கொரு டீ. பிறகு அவன் எஞ்சினைப் போட்டு மேலே ஏற்றுவான், நான் பின்னால் உட்கார்ந்து வருவேன்.

கேட்காமல் இல்லை, கேட்டேன்.

"மாமா, ஏத்தத்துல எப்ப ஓட்டுறது?"

"பயம் தெளியட்டும்."

"டெஸ்ட் வருதே மாமா."

"டெஸ்டுல எட்டுதான போடச் சொல்லுவான்? எட்டுன்னா பேலன்ஸ். ஒனக்குத்தான் பேலன்ஸ் வந்திருச்சே. கிளட்ச்சு அஞ்சு நிமிச வேல, அன்னிக்குக் காலையில அங்க வச்சே சொல்லித் தாரேன்."

இன்னொரு ஞாயிறு கேட்டால் பெட்ரோல் இல்லை என்பான். அதற்கடுத்த ஞாயிறு, என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாரு, எஞ்சினுன்னு சொன்னதுமே நடுங்குது" என்பான். கை நடுங்கத்தான் செய்தது. அவன் சொல்லச் சொல்ல இன்னும் நடுங்கியது.

டெஸ்ட் நாள் வந்தது. மைதானம் தட்டையாக, ஆற்றுமணலைக் கொட்டி நிரவியது போல் கிடந்தது. எங்கள் ஊரில் நான் அவ்வளவு பெரிய சமதரையைப் பார்த்ததே இல்லை. கிளட்ச் சொல்லித் தருவதாகச் சொன்னவன் வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு போன் பேச வேண்டும் என்று ரோட்டுப் பக்கம் போனான். நான் கூப்பிட்டேன். கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். என் பெயரைக் கூப்பிடும்வரை வரவில்லை.

"வண்டி ஸ்டார்ட்டாக்கு. எட்டு எடுக்கு" என்றார் டெஸ்ட் எடுக்கிற மலையாளி இன்ஸ்பெக்டர்.

பட்டனை அமுக்கினேன். எஞ்சின் உறுமியது. கியரைப் போட்டுக் கிளட்ச்சை விட்டேன். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி செய்தேன், மறுபடி அணைந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் என் வாழ்நாளுக்கும் மறக்க முடியாத அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"சார், யாராவது பின்னாடி இருந்து ஒரு தள்ளு தள்ளிவிட்டா நான் எட்டு போட்டுருவேன் சார்."

மைதானமே சிரித்தது.

"இதெந்தா, உந்துவண்டியோ?" என்றார் இன்ஸ்பெக்டர், இதென்ன தள்ளுவண்டியா என்று. அவர் கெட்டவர் இல்லை, சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "மாறி நில்லு. அடுத்த ஆளு வரட்டே."

ஒரு வாரம் கழித்துத்தான் அடுத்த டெஸ்ட். ஓணத்துக்கு முன்னால் அது ஒன்றுதான் பாக்கி.

வண்டியை உருட்டிக்கொண்டு ஓரமாகப் போனேன். எனக்கு முன்னால் எட்டுப் போட்டுப் பாஸான ஒரு பெண் பக்கத்தில் வந்தாள். நிமி என்று பெயர், காந்தலூர்க்காரி.

"அக்கா, இவ்வளவு நாள் எங்க ஓட்டிப் படிச்சீங்க?"

"இறக்கத்துல."

"சரி, திரும்பி மேல வர்றது?"

"எங்க வீட்டுக்காரரு ஓட்டுவாரு. நான் பின்னாடி உக்காந்து வருவேன்."

நிமி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் நான் இறங்க மட்டும்தான் இறங்கியிருக்கிறேன். ஒரு தடவைகூட நானாக மேலே வந்ததில்லை. எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வருவதற்கு அவன் வேண்டும். வீட்டில் கட்டிப்போட்ட ஆட்டுக்குக்கூடப் போன கயிற்றிலேயே திரும்பி வரத் தெரியும்.

நிமி தன் வண்டியைக் கொண்டுவந்து மைதானத்து ஓரத்தில் என்னை உட்கார வைத்தாள். "கிளட்ச்ச ஒரேயடியா விடாதீங்க. மெல்ல, மெல்ல. வண்டி ஒரு முனகல் முனகும். அங்க கைய அப்படியே வச்சுக்கிட்டு ஆக்சிலேட்டர் குடுங்க" என்றாள். முதலில் அணைந்தது. பிறகு முனகியது. பிறகு நகர்ந்தது. இருபதடி தூரம் நானே போனேன். இதைத்தான் அவன் மாசக்கணக்கில் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தான்.

அவன் கடலையைக் கொறித்துக்கொண்டு வந்தான். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி.

"போகட்டும் விடு இந்து. எல்லாருக்கும் எல்லாம் வந்துருமா? வா, ஏறு" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கை அது.

டீக்கடை வரைக்கும் அவன் பின்னால் உட்கார்ந்து வந்தேன். அங்கே வண்டியை நிறுத்தியதும் கேட்டேன்.

"தெரிஞ்சுதான செஞ்சீங்க?"

"என்னாத்த?"

"எனக்கு எஞ்சின் பழக்கிறக் கூடாதுன்னு."

அவன் சுற்றிலும் பார்த்தான். பெஞ்சில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டான், ஆனால் சிரிப்பு போகவில்லை.

"ஆமா, இப்ப என்னாங்குற? நீ பாட்டுக்கு மேலயும் கீழயும் போய்ட்டு வந்துக்கிட்டு இருந்தா, அப்புறம் வீட்டுல நான் எதுக்கு?"

சொல்லிவிட்டு டீ சொல்ல உள்ளே போனான். சாவி வண்டியிலேயே இருந்தது. நான் தொடமாட்டேன் என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

எனக்கு நடுக்கம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் கோபம் அதற்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. வண்டியில் ஏறி எஞ்சினைப் போட்டேன். கிளட்ச்சை மெல்ல விட்டேன். முனகியது. முறுக்கினேன்.

முதல் வளைவு வரைக்கும் போனேன். அங்கே கை தடுமாறி அணைந்துவிட்டது. வண்டி பின்னால் உருண்டது, நான் அலறிக்கொண்டு பிரேக்கை மிதித்தேன், வண்டியோடு தேயிலைச் செடியில் சரிந்தேன். முழங்கை உரிந்து ரத்தம் வந்தது. எழுந்து மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்தச் சரிவில் நின்ற வண்டியைக் கிளப்ப எனக்கு வரவில்லை. வேறு வழியில்லாமல் வண்டியைத் திருப்பி, நியூட்ரலில் போட்டு, டீக்கடைச் சமதரைக்கே இறங்கினேன். அதுதான் நன்றாகத் தெரியுமே.

அவன் டீ கிளாஸோடு வாசலில் நின்றிருந்தான்.

"போதுமா? எறங்கு. ஊர் பாக்குது."

"பாக்கட்டும்."

சாவியில் கை வைக்க வந்தான். கையைத் தட்டிவிட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவன் கையைத் தட்டிவிட்டதில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் டீயைக் குடிக்க மறந்து பார்த்தார்கள். பட்டனை அமுக்கினேன். அவன் எட்டிப் பிடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

முதல் கியரிலேயே ஏற்றினேன். இரண்டாவது போட்டால் அணைந்துவிடுமோ என்று பயம். எஞ்சின் காது கிழியக் கத்தியது, நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே சொல்ல முடியாது, அவ்வளவும் கெட்ட வார்த்தை. முதல் வளைவு தாண்டியது. அடுத்ததும் தாண்டியது. இறங்கி இறங்கி எனக்கு அந்த ரோட்டின் ஒவ்வொரு குழியும் மனப்பாடம். மஸ்டர் வாசலில் போய் நின்றபோது பூமாரி அக்கா வாயைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"தனபாலு எங்கடீ?"

"நடந்து வாராரு."

வண்டியைத் திருப்பினேன். பழக்கத்தில் கை சாவிக்குப் போனது. எடுத்துவிட்டேன். எஞ்சினை அணைக்காமல், கியரிலேயே இறங்கினேன். எரியட்டும் பெட்ரோல் என்று இறங்கினேன்.

இரண்டாவது வளைவில் அவன் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு ஓரத்தில் ஒதுங்கினான். என்னைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். அந்த நேரத்திலும் அவன் வாயில் வந்தது என்ன தெரியுமா?

"ஏய், ஆஃப் பண்ணுடீ! எறக்கத்துல எவளாச்சும் பெட்ரோல எரிப்பாளா?"

நான் நிற்காமல் கீழே போய், டீக்கடைச் சமதரையில் திரும்பி மறுபடி ஏறினேன். அடுத்த வாரம் அந்த மைதானத்தில் ஒருவனும் என்னைத் தள்ளிவிட வேண்டியிருக்காது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அவன் பாதி தூரம்கூட ஏறியிருக்கவில்லை. கல்வெர்ட்டு மேல் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நடுரோட்டுக்கே வந்து, பஸ்ஸுக்குக் காட்டுவது போல் கையைக் காட்டினான். வேர்த்து வழிந்த முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இல்லை.

"நிப்பாட்டு இந்து. நானும் வாரேன். பின்னாடி உக்காந்துக்கிறேன்."

நிறுத்தியிருப்பேனோ என்னவோ, தெரியவில்லை. ஆனால் நிறுத்த முடியாது. நிறுத்தினால் வண்டி அதோடு சரி.

"ஏத்தத்துல நிப்பாட்டுனா எடுக்கத் தெரியாது மாமா! நீங்க சொல்லித் தரலயே!"

அவனைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போய் அடுத்த வளைவில் திரும்பினேன்.