இட்வலின் இடது கால்

இட்வல் புரோபர்ட் ஸ்னூக்கர் மேசைமேல் கோலை நீட்டிக் குனிந்ததும் அவனுடைய இரண்டு கால்களும் தரையைவிட்டு ஒரு சாண் மேலே எழுந்தன. நடுவர் நான்கு புள்ளி அபராதம் போட்டார். ஸ்னூக்கரில் பந்தை அடிக்கும்போது ஒரு காலாவது தரையில் படவேண்டும். மிதப்பதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லாததால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

க்ளின்வென் சுரங்கத் தொழிலாளர் கிளப்பில் அதற்கு முன்பும் அவன் பல வருடம் ஆடியவன்தான், சுமாராக. பகலெல்லாம் தாழ்ந்த பாறைக்கடியில் ஒருக்களித்துப் படுத்துக் கரி வெட்டுகிறவனுக்கு, சாயங்காலம் பச்சை மேசையருகே நிமிர்ந்து நிற்பதே பெரிய சுகமாக இருந்தது. மிதக்கத் தொடங்கிய பிறகு ஆட்டம் கூடிவந்தது. பந்து ஓடப்போகும் கோடு கண்ணில் பட்டதும் கால் தானாக எழும்புகிறது என்றான். அடித்ததெல்லாம் குழியில் விழுந்தது, விழுந்ததெல்லாம் தவறாட்டம் ஆனது. இரும்பு வைத்த பூட்ஸ் போட்டான். பூட்ஸும் சேர்ந்து எழும்பியது. கடைசியில் அவன் மனைவி நெஸ்டா வீட்டுச் சமையலறையில் அவன் இடது பாதத்தின்மேல் ஏறி நின்றாள். கால் தரையிலேயே கிடந்தது.

ஆனால் கிளப்பின் ஆட்ட அறைக்குள் பெண்கள் நுழையக் கூடாது. செயலாளர் ஹவல் வாசலிலேயே மறித்தார்.

"இந்தாம்மா நெஸ்டா, உன்னை விட்டா நாளைக்கு என் வீட்டுக்காரியும் வந்து நிப்பா."

"வரட்டுமே. உங்களையும் யாராவது தரையில நிறுத்தணும்ல?"

கமிட்டி இரண்டு முறை கூடி, அவளைப் பெண்ணாக அல்லாமல் எடைக்கல்லாக அனுமதித்தது. எடைக்கல் பேசக் கூடாது, கைதட்டக் கூடாது. அப்படியே இட்வல் ஒவ்வொரு கிளப்பாக ஜெயித்துக்கொண்டு போனான். வருடங்கள் போயின. அவனுடைய ஒவ்வொரு அடியையும் அவன் தோளுக்குப் பின்னால் நின்று நெஸ்டா பார்த்தாள்.

பள்ளத்தாக்குக் கோப்பையை க்ளின்வென் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. இறுதி ஆட்டத்தில் எதிரே பேனன், மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன்.

"என்னடா இட்வல், பொண்டாட்டி எறங்கினா பறந்துருவியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மேசையில் கறுப்புப் பந்து ஒன்றுதான் பாக்கி. இட்வல் குனிந்தான், அடித்தான், விழுந்தது. நடுவர் கீழே பார்த்தார். இட்வலின் கால் மேலே இருந்தது. அதன்மேல் நின்ற நெஸ்டாவும் மேலே இருந்தாள். கறுப்பில் தவறினால் அபராதம் ஏழு, அது பேனனுக்குப் போனது. கோப்பை மலையேறிப் போனது.

இட்வலும் நெஸ்டாவும் பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். வீட்டு வாசலில்தான் கேட்டான்.

"நீ எதுக்குடீ எழும்பின?"

"அந்தக் கோடு எனக்கும் தெரிஞ்சுது. நான் என்ன செய்ய?"

"எப்பலேருந்து தெரியுது?"

"ரொம்ப நாளா. இதுவரைக்கும் அழுத்திப் பிடிச்சு நின்னேன், இன்னைக்கு முடியல."

இட்வல் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான். பொறாமையாக இருந்தது என்று பிற்பாடு அவனே சொல்லியிருக்கிறான். காலையில் கோலை அவளிடம் கொடுத்தான்.

"நீ ஆடு. நான் உன் கால்மேல நிக்கிறேன்."

"கோடு தெரிஞ்சா நீயும் எழும்புவியே?"

"நான் பாக்கமாட்டேன்."

அடுத்த வருடம் நெஸ்டாவின் பெயரைப் பதிய ஹவல் முனகினார். ஆனால் எடைக்கல் ஆடக் கூடாது என்று கமிட்டி எங்கும் சொல்லவில்லை. ஊர் ஊராக இட்வல் மேசைக்கு முதுகைக் காட்டி அவள் பாதத்தின்மேல் நின்றான். வாழ்க்கையில் அவனுக்குப் பார்க்கப் பிடித்தது பந்து ஓடும் அந்தக் கோடு ஒன்றுதான். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பந்துகள் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. இறுதியில் மறுபடியும் பேனன், மறுபடியும் கறுப்பு. ஒரு தட்டு, ஒரு உருளல், பிறகு க்ளின்வென்காரர்கள் போட்ட கூச்சல். இட்வல் திரும்பவில்லை.

"எந்தக் குழி?"

"வலது பக்கம், நடுவுல."

"மெதுவாவா?"

"விளிம்புல ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு விழுந்துது."

"நல்லது," என்று காலை எடுத்தான். நெஸ்டா மெல்ல மேலே போனாள். பரிசு கொடுக்க வந்த போட்டித் தலைவர் கையை உயர்த்தி, அவளுக்கு எட்டும்படி கோப்பையை நீட்டினார்.