காரில் வந்தால் சைக்கிள் ஓட்டலாம்

பரிபூரணத்துக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துபோகும். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் பி.டி. டீச்சராக வேலை பார்த்த பெண்கள் பள்ளியில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் மைதானமே வாயை மூடிக்கொள்ளும். தொண்ணூற்று நாலாம் வருஷம் மாங்காய் சீசன் முடிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில், புதிதாக முளைத்திருந்த ஓர் இரும்புக் கேட்டுக்கு முன்னால் நின்று அவள் அந்தக் குரலில்தான் பேசினாள்.

"இருளப்பசாமி, இந்தப் போர்டுல என்ன எழுதியிருக்குன்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

காவலுக்கு நின்ற இருளப்பசாமி படிக்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். டீச்சரம்மா கோவிச்சுக்கிடக் கூடாது, மொதலாளி சொன்னதைத்தான் செய்கிறேன் என்றார். கடைசியில் பரிபூரணத்தின் புருஷன் சோலைராஜ்தான் அதை வாய்விட்டுப் படித்தான். 'சைக்கிளில் வருபவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை.'

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு கார் வந்து நின்றது. மேலே கியர் சைக்கிள் இரண்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். இருளப்பசாமி ஓடிப்போய்க் கேட்டைத் திறந்துவிட்டார். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு உள்ளே போனது. அதில் இருந்தவர்கள் சைக்கிள் ஓட்டத்தான் போகிறார்கள். பரிபூரணமும் சோலைராஜும் சைக்கிளைப் பிடித்தபடி வெளியே நின்றார்கள்.

கேட்டுக்கு உள்ளே போவது ஊருக்குப் பொதுவான வண்டிப்பாதை. அய்யனார் கோவில் ரோட்டிலிருந்து பிரிந்து, இருபக்கமும் மாந்தோப்புக்கு நடுவே போய், ஓடையைத் தாண்டி, மலையடியில் கல்லும் வேருமாக ஏறி இறங்கி, புளியமரங்களுக்குள் சுற்றித் திரும்பவும் ஓடைக்கே வந்து சேரும். சோலைராஜ் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பிட்டர். பழைய சைக்கிள் இரண்டை வாங்கி, மட்கார்டையும் கேரியரையும் கழற்றி எறிந்துவிட்டு, தடித்த டயரும் நேரான ஹேண்டில்பாரும் போட்டு, தனக்கொன்றும் அவளுக்கொன்றும் செய்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மிதித்தே வந்துவிடுவார்கள். அந்தக் கல்மேட்டில் ஏறி இறங்குவதற்காகவே ஒருத்தி சேலையை விட்டுச் சுடிதாருக்கு மாறினாள் என்று சர்ச்சில் பேசிக்கொண்டார்கள். பரிபூரணம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கேட் போட்ட சங்கரலிங்கம் அவர்களுக்குத் தெரியாத ஆளும் இல்லை. பெரிய பஞ்சு வியாபாரி. இரண்டு வருஷத்துக்கு முன்பு ரோட்டோர டீக்கடையில் முழங்கால்வரை சேற்றோடு நின்ற இவர்களைப் பார்த்துவிட்டு, எங்கே போய் வருகிறீர்கள் என்று விசாரித்தவர் அவர்தான். அடுத்த மாதமே மெட்ராஸிலிருந்து கியர் சைக்கிள் வாங்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்தார். எந்த இடத்தில் முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும், எந்தக் கல் உருளும் என்று சோலைராஜ் கூடவே ஓடிச் சொல்லிக் கொடுத்தான். அவர் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டபோது காயத்தைக் கழுவிவிட்டான். பரிபூரணம் கொண்டுவந்த தயிர்ச்சோற்றை அவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் பாதையின் வாய்ப்பக்கம் இருந்த இரண்டு தோப்பையும் அவர் விலைக்கு வாங்கினார். மதுரையிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் அவருடைய சிநேகிதர்கள் காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

நேரில் கேட்டால் சரியாகிவிடும் என்றான் சோலைராஜ். மறுநாள் சாயங்காலம் இருவரும் சங்கரலிங்கம் பஞ்சுப் பொதி அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்குப் போனார்கள். அவர் நாற்காலி போடச் சொன்னார், காப்பி வரவழைத்தார். மாங்காய் களவு தாங்க முடியவில்லை, திருட வருகிறவன் சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டுதான் வருகிறான், காரில் வந்து எவனும் மாங்காய் திருட மாட்டான் என்று பொறுமையாக விளக்கினார். உங்களுக்கு நான் தடை சொல்வேனா, ஒரு காரில் சைக்கிளைப் போட்டுக் கொண்டுவாருங்கள், உள்ளே இறக்கி நாள் முழுக்க ஓட்டுங்கள் என்றார்.

"எங்ககிட்ட ஏது அண்ணாச்சி காரு?" என்றான் சோலைராஜ்.

"இருக்கவங்ககூட வாங்கப்பா. அதுக்கென்ன?"

தோப்பு உங்களுடையது, பாதை உங்களுடையது இல்லையே என்று பரிபூரணம் கேட்டாள். அவர் சிரித்தார். இந்தப் பக்கமும் என்னது, அந்தப் பக்கமும் என்னது, நடுவில் இருப்பது மட்டும் யாருடையதாம் என்றார். அவள் காப்பியைத் தொடாமல் எழுந்துவிட்டாள். திரும்பும்போது அவள் மிதித்த வேகத்துக்குச் சோலைராஜால் ஈடுகொடுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் அவளுக்கு ஆறவில்லை. விழுந்தவனைத் தூக்கிவிட்ட கைக்குத் திருட்டுப் பட்டமா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சோலைராஜ் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு அவள் தனியாகவே கேட்டுக்குப் போனாள். சண்டை போடவேண்டும் என்றுதான் போனாள். அங்கே தூக்குவாளியும் கூடையுமாகச் சில பெண்கள் பாதையை விட்டு விலகி ஓடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். உள்தோப்புகளில் களை வெட்டப் போகிறவர்கள். அவர்களில் வெள்ளைத்தாயை அவளுக்கு முகம் தெரியும். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை எதிரெதிரே பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். பரிபூரணம் தன் நியாயத்தைப் படபடவென்று கொட்டினாள். வெள்ளைத்தாய் கூடையை இறக்கி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"வெளையாட வழியில்லன்னு நீங்க கோவப்படுதீய டீச்சர். நடந்து வாரவங்களுக்கும் கேட்டத் தெறக்க மாட்டாங்க. நாங்க வேலைக்குப் போவ வழியில்லாம தெனமும் இந்தக் கல்லுல எறங்கிப் போறோம். எங்க தெருவுல மாசமா இருக்கவ ஒருத்தி போன வாரம் இதுல வழுக்கி விழுந்தா. எங்ககிட்ட மட்டும் காரா இருக்கு?"

பரிபூரணத்துக்கு முகம் சுண்டிவிட்டது. இத்தனை நாள் தன் சைக்கிளைத் தவிர வேறெதையும் அந்தக் கேட்டுக்கு முன்னால் அவள் பார்த்திருக்கவில்லை. அன்றைக்கு அவளும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர்களோடு ஓடைக்குள் இறங்கினாள். பாசி பிடித்த கல்லில் கால் வைக்க வைக்க அவளுக்குக் கோபம் வேறு மாதிரி ஏறியது.

பரிபூரணமும் சோலைராஜும் தாலுகா ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனார்கள். ஒரு மேசையில் அடுத்த மேசையைக் காட்டினார்கள். அந்த மேசைக்காரர் லீவில் இருந்தார். அடுத்த தடவை போனபோது விசாரிக்கிறோம் என்றார்கள். அதற்கடுத்த தடவையும் அதையேதான் சொன்னார்கள். அப்படி அலைந்துகொண்டிருக்கும்போதுதான் ராஜபாளையம் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சங்கரலிங்கம் மலையடிவாரத்தில் சைக்கிள் பந்தயம் நடத்தப்போகிறார். கலந்துகொள்கிறவர்கள் காரில் வந்து சேர வேண்டும். பஸ் ஸ்டாண்ட் சுவரில் அதைப் படித்த பரிபூரணம் நேராக வெள்ளைத்தாய் வீட்டுக்குப் போனாள்.

பந்தயத்தன்று விடிந்ததும் வண்டிப்பாதை ரோட்டில் சேரும் இடத்தில், கேட்டுக்கு வெளியே, களை வெட்டும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். பால்காரர்கள் கேனோடு வந்தார்கள். புல்லுக்கட்டுக்காரர்களும் சோலைராஜின் மில் சிநேகிதர்களும் சைக்கிளைப் பாதையில் குறுக்கே படுக்கப்போட்டார்கள். கார்கள் வந்தன, நின்றன. பின்னால் மேலும் கார்கள் சேர்ந்து ரோடு அடைத்துக்கொண்டது. ஹாரன் சத்தத்தைக் கேட்டு உள்ளேயிருந்து சங்கரலிங்கம் வெள்ளை டிரவுசரோடு வேகமாக நடந்து வந்தார். சோலைராஜை அவர் பார்த்த பார்வையில் அவன் தலையைக் குனிந்துகொண்டான். பரிபூரணம் குனியவில்லை.

"நாந்தான் கார்ல வந்தா விடுதேன்னு சொன்னேன்ல டீச்சர்?"

"நாங்களும் அதையேதான் சொல்றோம் அண்ணாச்சி, கொஞ்சம் மாத்தி. சைக்கிள்ல வந்தா விடுதோம். நடந்து வந்தா விடுதோம். கார்ல வந்தா விட மாட்டோம்."

அவள் மெதுவாகச் சொன்னாலும் முன்வரிசைக் கார்களில் இருந்தவர்களுக்குக் கேட்டுவிட்டது. மதுரைக்காரர்கள் இரண்டு பேர் இறங்கிவந்து என்ன விஷயம் என்று வெள்ளைத்தாயிடம் கேட்டார்கள். அவள் கேட்டையும் ஓடையையும் காட்டிச் சொன்னாள். கேட்டுவிட்டு அவர்கள் காருக்குப் போய்ச் சைக்கிளை இறக்கினார்கள். பெண்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். அதைப் பார்த்து இன்னும் சிலர் இறக்கினார்கள். சிலர் காரைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

யாரோ சொல்லிப் போலீஸ் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் எல்லாரையும் எழுந்திருக்கச் சொல்லி அதட்டிவிட்டு, சங்கரலிங்கத்தைப் பார்த்து, பாதை உங்கள் பட்டாவில் இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு பக்கத் தோப்பும் என்னது என்றார் அவர்.

"நான் பாதையக் கேட்டேன்."

சங்கரலிங்கம் கார்கள் நின்ற பக்கம் திரும்பிக்கொண்டார். பதில் சொன்னால் அவர் என்ன சொல்ல வேண்டியிருக்கும் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்துபோனது. இருளப்பசாமி யார் சொல்லுக்கும் காத்திராமல் கேட்டை அகலத் திறந்து கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, ஓரமாய்ப் போய் உட்கார்ந்துகொண்டார். பெண்கள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பாதை வழியே வேலைக்கு நடந்தார்கள். அந்த மாதத்துக்குள் மேலேயிருந்து உத்தரவு வந்து கேட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

பந்தயம் முடிந்த மறுவாரம் சோலைராஜுக்கு மில்லில் நிரந்தரமாக நைட் ஷிப்ட் போட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அந்த மில்லுக்குப் பஞ்சு சங்கரலிங்கத்தின் கிட்டங்கியிலிருந்துதான் போகிறது என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மானேஜரைப் போய்க் கேட்கிறேன் என்று அவள் கிளம்பினாள். அவன் வாசலில் மறித்துக்கொண்டான்.

"நீ போய்க் கேட்டா இருக்கதும் போயிரும், பரிபூரணம்."

"அப்ப மில்லும் அவிய தோப்புதானா? கேக்கக் கூடாதா?"

அவன் வாசலை விட்டு நகரவில்லை. அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே போனாள். எல்லாருக்கும் பொதுவான பாதையை எல்லாருக்கும் திறந்துவிடச் சொன்னதற்கு ஒரு மனுஷன் தூக்கத்தைக் கொடுக்க வேண்டுமா என்பதை அவளால் ஜீரணிக்கவே முடியவில்லை. பிரேயரில் கண்ணை மூடினாலும் அதுதான் வந்தது. பாஸ்டர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்த வாரம் அவள் பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

சோலைராஜ் மட்டும் ஞாயிற்றுக்கிழமையை விடவில்லை. ஷிப்ட் முடிந்து மில் கேட்டிலிருந்து நேரே மலையடிவாரத்துக்கு வந்துவிடுவான். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மிதித்து வந்து சேர்வாள். முதல் சுற்று இரண்டு பேரும் சேர்ந்து போவார்கள். அதற்கு மேல் அவனுக்குக் கண் செருகும். பாதையோரத்துப் புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவான். பனியனில் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும்.

அப்படி ஒரு நாள் அவன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். பரிபூரணம் ஒரு சுற்று முடித்து வந்து, பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சங்கரலிங்கத்தின் ஜீப் வந்தது. முன்னால் வெள்ளாட்டு மந்தை ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு போனதால் டிரைவர் ஹாரனில் கை வைத்தான். பரிபூரணம் சைக்கிளைப் போட்டுவிட்டு ஜீப்பின் முன்னால் போய் நின்றாள். சங்கரலிங்கம் கண்ணாடியை இறக்கி, நல்லாயிருக்கீங்களா டீச்சர் என்றார்.

"அவரு நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து தூங்குறாரு," என்றாள் அவள், டிரைவருக்குக்கூடக் கேட்காத குரலில். "ஹாரன் அடிக்காதீங்க."

சங்கரலிங்கம் மரத்தடியைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் ஏதோ சொன்னார். ஆடுகள் ஓடையைத் தாண்டும்வரை ஜீப் அங்கேயே நின்றது.