மேட்டில் மட்டும் வரும் சத்தம்

சத்தத்தைத் தேடுகிற வேலை எனக்குப் பிடிக்காது. உடைந்ததைக் கொண்டுவா, மாற்றித் தருகிறேன். ஒழுகுவதைக் கொண்டுவா, அடைத்துத் தருகிறேன். "எங்கயோ டொக்குங்குது" என்று யாராவது வந்து நின்றால் எனக்கு அப்போதே எரிச்சல் கிளம்பிவிடும். அன்று வந்து நின்றவர் என் மாமனார். அதனால் வாயை மூடிக்கொண்டு சாவியை வாங்கினேன்.

அவருடையது நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப். மலை உச்சியில் இருக்கும் செல்போன் கோபுரத்துக்கு வேலையாட்களை ஏற்றிப்போய் இறக்கிவருவதுதான் அவர் தொழில். பாதையின் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அங்கே வேறு எவனும் வண்டியை விட மாட்டான். என் மாமியார் இருந்தவரை அந்த ஜீப்பைச் சக்களத்தி என்றுதான் சொல்வார். அவர் போன பிறகு மாமாவுக்குச் சக்களத்தியோடுதான் குடித்தனம்.

"மேடு ஏறும்போது மட்டும் அடிக்குது மாப்பிள்ளை. டொக்... டொக்டொக். அடியில யாரோ சுத்தியலால தட்டற மாதிரி. பின்னாடி உக்காந்திருக்கறவங்க பயப்படறாங்க."

"வயசாயிடுச்சு மாமா. மேடு ஏறினா முட்டி சத்தம் போடத்தான் செய்யும்."

இப்படி எதையாவது சொன்னால் வழக்கமாகச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எஞ்சினில் பிறக்கிற விசை சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பல கை மாறுகிறது. கியர் பாக்ஸ், அதிலிருந்து போகிற நீள ஷாஃப்ட், ஷாஃப்டின் முனையில் நாங்கள் கிராஸ் என்று சொல்கிற மூட்டு, கடைசியில் அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரம். ஒவ்வொன்றுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும், இருந்தே ஆக வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து முட்டும், காலை எடுத்தால் மறுபக்கம் முட்டும். ஏதாவது ஒன்று தேய்ந்துபோயிருந்தால் அந்த முட்டல் வெளியே கேட்கும். தேய்ந்தது எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. சொல்வதற்குச் சுலபம்.

முதலில் கிராஸ் மேல்தான் சந்தேகப்பட்டேன். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு அடியில் படுத்து ஷாஃப்டை முறுக்கிப் பார்த்தேன். பெரிய ஆட்டம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் மாற்றினேன். மாமா ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஏதோ தான் தப்புச் செய்துவிட்டதுபோலத் தயங்கி நின்றார்.

"இன்னும் இருக்கு மாப்பிள்ளை."

எஞ்சினைத் தாங்குகிற ரப்பர்களை மாற்றினேன். இன்னும் இருந்தது. ஸ்பிரிங் பட்டைகளை அச்சோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை எல்லாம் இறுக்கினேன். இன்னும் இருந்தது. பின் அச்சைத் திறந்து பல்சக்கரத்தைப் பல்லுக்குப் பல் தடவிப் பார்த்தேன். அந்தக் காலத்து இரும்பு, சிரித்துக்கொண்டு இருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் ஷெட்டுக்குச் சத்தத்தோடு வந்த வண்டி சத்தத்தோடு திரும்பியது கிடையாது. இதுவோ போய்ப் போய்த் திரும்பி வந்தது, வாழாவெட்டி மாதிரி.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் செம்மண் மேட்டில் நான் ஓட்டினால் சத்தம் வராது. நான் அடியைக் கவனிக்க வேண்டும் என்று என் மனைவியை ஓட்டச் சொன்னேன். அவளுக்கும் வரவில்லை. வண்டி சமர்த்தாக ஏறி இறங்கியது.

"உங்களுக்குப் பயந்துகிட்டு வாய மூடிக்குது போல," என்றாள். "எனக்கும் தங்கச்சிதான, நான் ஓட்டினாலும் அடங்கி நடக்குது. அப்பாகிட்ட மட்டும் மனசு விட்டுப் பேசுது."

"சக்களத்தி எப்படிம்மா உனக்குத் தங்கச்சி ஆவா? சின்னம்மா ஆவா," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். மாமா சற்றுத் தள்ளி நின்று மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் மாமாவையே ஓட்டச் சொல்லி நானும் கூட ஏறினேன். கியர் கம்பியைச் சுற்றியிருக்கும் தகட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் குப்புறப் படுத்து, தலையைக் கால் வைக்கிற இடத்தில் தொங்கவிட்டு, உள்ளே கையை விட்டு கியர் பாக்ஸைத் தொட்டுக்கொண்டேன். பார்ப்பதற்கு அசிங்கமாகத்தான் இருந்திருக்கும். காதும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் இடம் அகப்பட்டுவிடும் என்பது என் கணக்கு.

வண்டி மேட்டில் ஏறியது. பாதி மேட்டில் வந்தது அந்தச் சத்தம். டொக். டொக்டொக். கையில் அதிர்ந்தது. எந்தப் பக்கம் என்று பார்க்கத் தலையைத் திருப்பினேன். என் முகத்துக்கு நேராக ஆக்ஸிலேட்டர், அதன் மேல் மாமாவின் வலது கால்.

மேட்டுக்காக அழுத்தி மிதித்த கால் துடித்தது. கட்டைவிரல் பெடலைத் தட்டித் தட்டி விட்டது. ஒவ்வொரு தட்டலுக்கும் எஞ்சின் ஒரு தரம் இழுத்து விட்டது, ஒவ்வொரு இழுப்புக்கும் என் கையில் டொக்கென்றது. முதலில் வண்டி குலுங்குவதால் கால் ஆடுகிறது என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனசுக்குள் அடித்துப் பேசினேன்.

மேட்டின் உச்சியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். எல்லாம் அடங்கிவிட்டது. அந்தக் கால் மட்டும் அடங்கவில்லை. அப்போது அவருடைய இடது கால் மெல்ல வந்து வலது கால் மேல் ஏறி மிதித்து அமுக்கியது. பழக்கப்பட்ட அமுக்கல்.

"கேட்டுச்சா மாப்பிள்ளை?"

"கேட்டுச்சு மாமா."

"எங்கேருந்துன்னு தெரிஞ்சுதா?"

"இறக்கத்துல நான் ஓட்டறேன். நீங்க இந்தப் பக்கம் வாங்க," என்றேன். மறுபேச்சு இல்லாமல் மாறி உட்கார்ந்தார். இறங்கும்போது எனக்கு அந்த மலைப்பாதைதான் கண்ணுக்குள் நின்றது. ஒன்றுமே இல்லாத அந்தப் பக்கம், பின்னால் முட்டியோடு முட்டி இடித்து உட்கார்ந்திருக்கும் ஆட்கள், திருப்பத்தில் அந்தக் கட்டைவிரல். நாளைக் காலையிலும் அவர்கள் இவருக்காகக் காத்து நிற்பார்கள். இவரும் போவார்.

எப்படிச் சொல்வது? கெட்டுப்போன பொருளைக் கையில் எடுத்துக் காட்டி, இதோ இதுதான் என்று சொல்லியே எனக்குப் பழக்கம். இதற்கு என்ன செய்வது என்று புரியவில்லை. ஷெட்டுக்கு வந்ததும் வேறு வழி தெரியாமல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். பின் ஷாஃப்டைக் கழற்றினேன். முன் ஷாஃப்டையும் கழற்றினேன். இரண்டும் இல்லாமல் வண்டி ஓர் அடி நகராது. கொண்டுவந்து மேசையில் போட்டேன்.

"கிராஸ் போயிடுச்சு மாமா. சாமான் வர நாளாகும். நாளைக்குப் போக முடியாது."

மாமா மேசைக்கு வந்தார். ஷாஃப்டின் முனையைப் பிடித்து கிராஸை இப்படியும் அப்படியும் திருப்பினார். வெண்ணெய் மாதிரி திரும்பியது. வாழ்நாளெல்லாம் ஜீப் ஓட்டியவரிடம் போய் நான் இந்தப் பொய்யைச் சொன்னேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே காறித் துப்பியிருப்பேன்.

"இது நீங்க புதுசா போட்டதுதான?"

அவர் கையைப் பழந்துணியில் துடைத்தார். நிதானமாக, விரல் விரலாகத் துடைத்தார்.

"பாத்துட்டீங்க," என்றார்.

"பாத்தேன்."

"நானும் கால்னுதான் முதல்ல நெனச்சேன். அப்புறம் இல்ல இல்ல, வண்டியா இருக்கும்னு நெனச்சுகிட்டேன். வண்டின்னா கவலை இல்ல பாருங்க. மாப்பிள்ளை இருக்காரு, பாத்துக்குவாரு."

"டாக்டர்கிட்ட போலாம் மாமா. நான் கூட வர்றேன். நாளைக்கே போலாம்."

"போலாம். போனா அவரு ஒரு பேரு சொல்லுவாரு. சொல்லிட்டா அப்புறம் அதுதான் நான்." துணியை மடித்து வைத்தார். "இன்னும் நீங்க பாக்காத இடம் எதுவும் இல்லையா மாப்பிள்ளை? நடுவுல இருக்கற அந்தப் பெட்டியத் திறக்கவே இல்லையே?"

நாலு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டியைச் சொன்னார். அதில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியும்.

"திறக்கல," என்றேன்.

"அப்போ அதுல இருக்கலாம். நீங்க கண்டுபிடிக்கற வரைக்கும் நான் சாவியத் தொட மாட்டேன். ஆளுங்களுக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன், வேற ஏற்பாடு பண்ணிக்கட்டும். ஆனா நீங்க தேடறத மட்டும் விட்டுடாதீங்க. இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க மாப்பிள்ளை."

பெண் கொடுத்த நாளிலிருந்து அந்த மனுஷர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. முதல்முறையாகக் கேட்டது இது. சரி மாமா என்று சொல்லிவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். வெளியே இருந்திருந்தால் அவர் முன்னாலேயே அழுதிருப்பேன். அடியிலும் அழுதேன். அவர் போனில் பேசுவது கேட்டது. வண்டியில சின்ன வேலைப்பா, மாப்பிள்ளை பாத்துகிட்டிருக்காரு, முடிஞ்சதும் சொல்றேன் என்று ஒரே பேச்சை ஒவ்வொருவரிடமும் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

என் மனைவி டீ கொண்டுவந்தாள். அவளுடைய பாதங்கள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"என்னங்க, கெடச்சுதா இல்லையா?"

உண்மையைச் சொல்லாமல் அவள் முகத்தை எத்தனை நாள் பார்ப்பது என்று தெரியவில்லை.

"தேடிகிட்டு இருக்காரும்மா," என்றது மாமாவின் குரல். "நடுப் பெட்டியில இருக்கும்போல. லேசுல கெடைக்காது. நீ டீய வெச்சிட்டுப் போ."

அவள் பாதங்கள் நகரவில்லை. அடியில் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது அவளுக்கு என்னவோபோல் பட்டிருக்க வேண்டும், குனியப் பார்த்தாள். நான் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்பானரை எடுத்து, ஒரு குறையும் இல்லாத அந்தப் பெட்டியின் முதல் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தேன்.