மாங்காய்க் கம்மலுக்கு ஜோடி

உலோகத்தை உருக்கி, தான் நினைத்த உருவத்துக்கு அதைப் பணியவைத்த அன்றைக்குத்தான் மனிதன் மிருகத்திடமிருந்து பிரிந்து வந்தான். நாகரிகம் என்பது நெருப்பும் உலோகமும் சேர்ந்து பெற்ற பிள்ளை.

இதைச் சொன்னவர் மரக்காணம் கலியபெருமாள். சொன்ன இடம், பாண்டிச்சேரியில் நகை செய்யும் பத்தர்களுக்குச் சாமான் விற்கும் ஓர் இடுக்குக் கடை. கேட்டுக்கொண்டிருந்தவர் கடைக்காரர் வெங்கடாசலம்.

"இருக்கலாங்க," என்றார் வெங்கடாசலம். "இடுக்கி வேணுமா, வேணாமா?"

கலியபெருமாள் இடுக்கியை வாங்கி இரண்டு முறை காற்றைக் கடிக்கவைத்துப் பார்த்தார். அவர் பன்னிரண்டு ஏக்கர் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர். எதைப் பற்றியும் பேசக்கூடியவர். உப்புச் சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றால் பாதிப் பேர் டீ குடிக்கப் போவார்கள். மீதிப் பேர் ஏற்கெனவே போயிருப்பார்கள். இப்போது அவர் கையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. அதில் பச்சை மையில் இருபத்து மூன்று சாமான்கள் எழுதியிருந்தன. பச்சை மையில் எழுத அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. பிடித்திருந்தது, எழுதிக்கொண்டிருந்தார்.

உருக்குகிற மூசை, வெண்காரம், கேஸ் டார்ச், மூன்று தினுசு அரம், கண்ணில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி என்று பட்டியல் போய்க்கொண்டே இருந்தது. வெங்கடாசலம் பொறுமையாக எடுத்துவைத்தவர் பாதியில் நிறுத்தினார்.

"எவ்வளவு உருக்கப் போறீங்க?"

"ரெண்டு கிராம்."

வெங்கடாசலம் தாளையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். "என்ன பண்ணப் போறீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல."

"கம்மல். மாங்கா டிசைன். ஒண்ணு இருக்குது, அதே மாதிரி இன்னொண்ணு வார்க்கணும். வீட்டுலயே."

"எந்தக் காதுக்குங்க?"

"காதுல என்னாய்யா இருக்குது? மனுசக் காதுக்குத்தான்."

வெங்கடாசலம் அடுத்த சாமானை எடுக்கத் திரும்பினார்.

அந்தக் கம்மல் மலர்கொடியுடையது. கலியபெருமாளின் ஒரே மகள். பத்தொன்பது வயது. போன டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த அன்றைக்கு எக்கியார்குப்பம் கரையில் நின்றிருந்தாள். இரண்டாம் நாள் சவுக்குத் தோப்பில் கிடைத்தபோது இடது காதில் இருந்தது மட்டும் இருந்தது. வலது காதில் இருந்ததைக் கடல் வைத்துக்கொண்டது.

கல்யாணமாகாமல் போன பெண்ணை அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் அப்படியே விட்டுவிடுவதில்லை. பூவாடைக்காரியாக வீட்டுக்குத் திரும்ப அழைப்பார்கள். குளத்தில் மொண்ட செம்புத் தண்ணீரில் அவள் வருவாள். செம்புக்கு மஞ்சள் பூசி, கண்ணும் மூக்கும் எழுதி, புதுப் பாவாடை தாவணி சுற்றி, பூவும் நகையும் வைத்துப் படைத்தால், அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுச் சாமி. வருஷ நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கலியபெருமாளின் மனைவி ஞானாம்பாள் மற்ற எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டாள். தாவணி கூட, மகளுக்குப் பிடித்த கத்திரிப்பூ நிறத்தில்.

"ஒத்தக் காதோட எப்பிடி வந்து நிப்பா எம்புள்ள?" என்று மட்டும் கேட்டாள்.

புது ஜோடி வாங்கலாம் என்றார் கலியபெருமாள். மகளுக்கு இதுதான் அடையாளம் தெரியும் என்றாள் ஞானாம்பாள். பத்தரிடம் கேட்டார். கம்மலை இரண்டு நாள் பட்டறையில் விட்டுவிட்டுப் போகச் சொன்னார் பத்தர். அதைக் கேட்டதும் ஞானாம்பாள் கம்மல் இருந்த தைல டப்பாவை மடியில் கட்டிக்கொண்டாள்.

"இது வாசப்படிய தாண்டாது. ஒரு தடவ அனுப்பினது போதும்."

அனுப்பியது யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மகள் கையில் ஒயர் கூடையைக் கொடுத்துக் கரைக்கு அனுப்பியவர் கலியபெருமாள்தான். கடைத்தெருவில் மீன் இருந்தது; ஐஸ் வைத்த மீன். ஐஸ் மீன் தின்கிறவனுக்கு நாக்கே கிடையாது என்பது அவருடைய கொள்கை. சங்கக் கூட்டத்திலும் இதைப் பற்றி ஒருமுறை பேசியிருக்கிறார்.

அதனால்தான் வீட்டிலேயே வார்ப்பது என்று முடிவாயிற்று. ஞானாம்பாள் தன் தோடுகளைக் கழற்றி உருக்கக் கொடுத்துவிட்டுக் காதுத் துளைகளில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள்.

"அச்சு எடுக்குற பவுடரு?" என்று பட்டியலின் பத்தொன்பதாவது வரியில் விரலை வைத்தார் கலியபெருமாள்.

"மூட்டையாத்தாங்க வரும். பிரிச்சுக் குடுக்க முடியாது."

"அதுல என்னா இருக்குது?"

"ஜிப்சந்தாங்க. கூட ரெண்டு மூணு சாமான் கலந்திருப்பான்."

கலியபெருமாள் கடை அதிரச் சிரித்தார். பாண்டிச்சேரிக்கு வந்ததிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான். "ஜிப்சமா? யோவ், என் பாத்தியில காலுக்கடியில கெடக்குதுய்யா அது. உப்பு வாரினப்புறம் சொரண்டி வரப்புல கொட்டி வெச்சிருக்கிறோம். என்கிட்டயே ஜிப்சம் விக்கிறியே நீ."

"அது வேறங்க, இது வேற," என்றார் வெங்கடாசலம். "சொல்லப்போனா ஒத்தக் கம்மலுக்கு இந்தப் பவுடரே தேவையில்ல. கணவா மீனோட ஓடு இருக்குது பாருங்க, வெள்ளையா, கையில தேய்ச்சா மாவா உதிருமே. ரெண்டு ஓட்ட சமமா தேய்ச்சு, நடுவுல கம்மல வெச்சு அழுத்துனா அச்சு விழுந்துடும். கட்டி ஊத்திடலாம். எங்கிட்ட இப்ப ஸ்டாக் இல்ல. ஒங்க ஊரு கரையில சும்மாவே ஒதுங்கிக் கெடக்குமே."

கலியபெருமாள் தாளை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"அதெல்லாம் பழைய காலத்து மொறை," என்றார். "நான் சயின்டிபிக்கா பண்றேன்."

கரைக்கு அவர் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. பதினோரு மாதமாக அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. பஸ்ஸில் போனால்கூட மேற்குப் பக்கத்து ஜன்னலில்தான் உட்காருவார்.

அந்த வருஷம் மழை வெளுத்து வாங்கியிருந்தது. பாத்தியெல்லாம் ஏரி மாதிரி கிடந்தது. ஜிப்சக் குவியல் மட்டும் வரப்பில் கீற்றுக்கு அடியில் இருந்தது. அதில் ஒரு கூடை அள்ளிவந்து, வாணலியில் வறுத்து, இடித்து, ஞானாம்பாளின் மாவுச் சல்லடையில் சலித்தார். உப்பள வேலைக்காரன் மரியதாஸ் பின்கட்டில் குந்தியபடி பார்த்துக்கொண்டிருந்தான். அளத்தில் வேலை இல்லாத நாட்களில் முதலாளியின் வேலையைப் பார்ப்பதுதான் அவன் வேலை.

"அதுல உப்பு இருக்குமேங்க," என்றான்.

"டேய், உப்பப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?"

"இல்லீங்க. மழக்காலத்துல வீட்டு உப்பு ஜாடியே அழுவுது. இது எப்பிடிக் காயும்னு கேட்டேன்."

"வாய மூடிக்கினு அந்த டார்ச்சப் பிடி."

அச்சு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பாதி, வெள்ளை வெளேரென்று, நடுவில் மாங்காய்ப் பள்ளம். மூன்று நாள் வெயிலில் வைத்தார். வெயில் மொத்தமாக ஒரு மணி நேரம் வந்திருக்கும். நான்காம் நாள் காலை, பூதக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, உலோகமும் நாகரிகமும் பற்றி மரியதாஸுக்குச் சுருக்கமாக இருபது நிமிடம் பேசிவிட்டு, ஞானாம்பாளின் தோடுகளை மூசையில் போட்டார். தங்கம் உருகி, தூக்கம் கலைந்த கண் மாதிரி மினுங்கிற்று. ஊற்றினார்.

அச்சுக்குள் ஒளிந்திருந்த ஈரம் ஒரே சீறலில் வெளியே வந்தது. பட்டாசு மாதிரி சத்தம். அச்சு நான்காகப் பிளந்தது. தங்கம் மணிமணியாகத் தரையெல்லாம் தெறித்தது. ஒரு மணி அவர் முழங்கையில் ஒட்டிக்கொண்டு தோலைத் தின்றது. அவர் கத்தவில்லை. தான் கத்தவில்லை என்பதை மரியதாஸ் கவனித்தானா என்று பார்த்தார்.

ஞானாம்பாள் வந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினாள். துடைப்பத்தைப் பிரித்துக்கூடத் தேடினாள். பொறுக்கி முடித்ததும் அவர் கையைப் பார்த்தாள்.

"மஞ்சா வெக்கிறேன். உள்ள வாங்க."

"ஜிப்சத்துல கொஞ்சம் கலப்படம் இருந்திருக்குது," என்றார் கலியபெருமாள்.

"உம்."

"வேற வழி ஒண்ணு இருக்குது. ஆனா..."

"என்னான்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். கணவாய் ஓடு என்று சொன்னார்; கரை என்று சொல்லவில்லை. அவள் மஞ்சள் குழைப்பதை நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

"நான் போயிட்டு வரட்டா?" என்றாள்.

எதைப் பற்றியும் பேசக்கூடியவர், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடல் ஒன்றுமே நடக்காத மாதிரி கிடந்தது. அதுதான் அவருக்கு முதலில் கோபமாக வந்தது. கரையில் தகரக் கொட்டகைகள். வலை காய்ந்துகொண்டிருந்தது. மீன் விற்கும் கொளஞ்சியம்மாள் காலி அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"மீனுக்கா வந்தீங்க? இன்னிக்கு ஒண்ணும் படலீங்க."

"இல்லம்மா. கணவா ஓடு. ரெண்டு கெடச்சாப் போதும்."

இரண்டு பேரும் அலை ஒதுக்கிய கோட்டோடு குனிந்து நடந்தார்கள். உடைந்தது, பாசி பிடித்தது எல்லாவற்றையும் அவள் தள்ளிவிட்டு, உள்ளங்கை நீளத்துக்கு நல்ல ஓடாக நான்கு எடுத்துக் கொடுத்தாள்.

"அன்னிக்கு ஒங்க பொண்ணு எங்கிட்டதான் நின்னுக்கிட்டிருந்துச்சு," என்றாள். "மொதப் போட்டுல வந்தது சின்ன மீனு. எடுத்துட்டுப் போ கண்ணு, நேரமாவுதுன்னேன். எங்கப்பா சின்ன மீனு சாப்புட மாட்டாரு, ரெண்டாவது போட்டு வரட்டும்னுச்சு. சிரிச்சிக்கினே சொல்லுச்சு. எங்கப்பாவுக்கு நாக்கு நீளம்னு."

கலியபெருமாள் நான்கு ஓடுகளையும் துண்டில் முடிந்துகொண்டார். முடிச்சு சரியாக விழவில்லை. மூன்று முறை போட்டார்.

"நான் அடிச்சாவது வெரட்டியிருக்கணும்," என்றாள் கொளஞ்சியம்மாள்.

"நீ என்னாம்மா பண்ணுவ," என்றார் அவர்.

ஓட்டில் வார்ப்பது வெங்கடாசலம் சொன்ன மாதிரியே சுலபமாக இருந்தது. இரண்டையும் சிமென்ட் தரையில் சமமாகத் தேய்த்தார். ஞானாம்பாள் தைல டப்பாவைத் திறந்து கம்மலைத் தானே எடுத்துக் கொடுத்தாள். அழுத்தினார். வெண்ணெயில் பதிந்த மாதிரி மாங்காய் பதிந்தது. அதன் வளைந்த மூக்கு, உள்ளே இருந்த மூன்று புள்ளி, எல்லாம். வாய்க்கால் வெட்டி, கம்பி சுற்றிக் கட்டினார். பொறுக்கிய மணிகளை உருக்கி ஊற்றினார். இந்த முறை பேச்சு இல்லை. ஓடு கருகி ஒரு வாடை எழுந்தது. கரை வாடை. ஞானாம்பாள் மூக்கை மூடவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

பிரித்தபோது உள்ளே மாங்காய் இருந்தது. ஓட்டின் வரிகள் அதன்மேல் அலை அலையாக விழுந்திருந்தன. அரத்தால் தேய்த்தார். முழுக்கப் போகவில்லை. உருக்குவதற்கு முன்பே தோட்டிலிருந்து கழற்றிவைத்திருந்த தண்டைப் பின்னால் பற்றவைத்தார். இருபத்து மூன்று சாமான்களில் அவருக்குத் தேவைப்பட்டவை ஐந்து.

வருஷ நாளன்று ஞானாம்பாளின் அண்ணன் ஆதிமூலம் குடும்பத்தோடு வந்திருந்தார். கலியபெருமாளுக்குப் பழைய தெம்பு கொஞ்சம் திரும்பியிருந்தது.

"பத்தரே இப்பிடிப் பண்ண முடியாது மச்சான்," என்றார். "அச்சு அசலா அதே. ஒரு நூல் வித்தியாசம் காட்டுங்க பாப்போம்."

"சரி மாப்ள. மொதல்ல படைக்கலாம்," என்றார் ஆதிமூலம்.

குளத்திலிருந்து செம்பு வந்தது. மஞ்சள் பூசிய முகத்தில் ஞானாம்பாள் மையால் கண் எழுதினாள். கத்திரிப்பூத் தாவணியைச் சுற்றினாள். பழைய கம்மலை ஒரு பக்கம் பதித்தாள். மாங்காயின் மூக்கு கன்னத்தைப் பார்த்து அழகாக வளைந்தது. புதியதை மறுபக்கம் வைத்தாள். அது கன்னத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. எடுத்துத் திருப்பி வைத்தாள். மாங்காய் தலைகீழாயிற்று. மறுபடி எடுத்தாள். மறுபடி வைத்தாள். கற்பூரத்தை ஏந்தியபடி கலியபெருமாள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பரவாயில்ல, எம்புள்ள போட்டுக்குவா," என்று ஞானாம்பாள் பூவைக் கொஞ்சம் இழுத்து அந்தப் பக்கத்தை மூடினாள்.

இரண்டும் இடது காதுக் கம்மல்.